வேளாங்கண்ணியின் மூன்று அற்புதங்களைப் பிள்ளைகளுக்கு இடம் இடமாகக் காட்டுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து (ஓர் ஆலயத்தைச் சார்ந்த கிறிஸ்தவச் சமூகங்களிலிருந்து) மறைக்கல்விப் பிள்ளைகளை வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்லும் பெரியவர்கள், பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே பேராலயத்துக்குள் நுழைந்து, மாதாவை வணங்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. வழிபாட்டில் குறையில்லை. ஆனால் அந்த ஊரை உருவாக்கிய கதை மூன்று நிகழ்ச்சிகளாக, மூன்று இடங்களில் நிற்கிறது என்பதை அறியாமலே பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். கதை நடந்த வரிசையிலேயே அவர்களை நடத்திச் சென்று, பேராலயத்தைக் கடைசியில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டு 29 அன்று திருவிழாக் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். அந்த நெரிசலில் கதை சொல்ல இடமும் இராது, கேட்கப் பொறுமையும் இராது. திருவிழா முடிந்த பிறகு ஏதாவது ஒரு வார நாளில், காலை வெயில் ஏறுமுன் போய்ச் சேருவது நல்லது.

மாதா குளத்தில் தொடங்குங்கள். பதினாறாம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்திலிருந்த ஒரு செல்வர் வீட்டுக்குப் பால் கொண்டுபோன இடையர் குலச் சிறுவன், இந்தக் குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறியபோது, கையில் குழந்தையோடு ஒரு பெண் தோன்றிக் குழந்தைக்குப் பால் கேட்டார் என்பது மரபு. கேட்டவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அளவு குறைந்ததற்கும் நேரம் தப்பியதற்கும் என்ன பதில் சொல்வதென்று அஞ்சியபடியே அவன் போனான். அங்கே மூடியைத் திறந்தபோது பால் பொங்கி வழிந்தது. இந்த இடத்தில் சற்று நின்று, நாகப்பட்டினம் இங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொளுத்தும் வெயிலில் பால் குடத்தைச் சுமந்து அவ்வளவு தூரம் நடக்கும் பிள்ளைக்கு நேரமும் அளவும் எவ்வளவு பெரிய கவலை என்பது புரிந்தால்தான், அவன் கொடுத்த பாலின் மதிப்பு அவர்களுக்குப் புரியும். சிறுவனும் இந்து, பால் வாங்கிய செல்வரும் இந்து என்று மரபு கூறுவதை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். பின்னால் வரும் பல செய்திகளுக்கு அதுவே திறவுகோல்.

அடுத்தது நடுத்திட்டு. கால் நடக்க இயலாத, ஓர் ஏழைக் கைம்பெண்ணின் மகன் ஆலமர நிழலில் மோர் விற்றுக்கொண்டிருந்தான். அதே பெண் வந்து குழந்தைக்கு மோர் வாங்கிப் பருகக் கொடுத்த பின், நாகப்பட்டினத்திலுள்ள ஒரு கத்தோலிக்கப் பெரியவரிடம் சென்று இங்கே தமக்கு ஓர் ஆலயம் எழுப்பச் சொல்லுமாறு பணித்தார். எழுந்த பிறகே தன் கால்கள் நலமடைந்ததை அவன் அறிந்தான். இதையடுத்து எழுந்த ஓலைக்கூரைச் சிற்றாலயமே ஆரோக்கிய மாதா வழிபாட்டின் தொடக்கம். இரண்டு கதைகளிலும் கேட்கப்பட்டவை பாலும் மோரும் மட்டுமே, கேட்கப்பட்டவர்களும் எளிய பிள்ளைகளே என்பதைச் சிறுவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்படி கேள்வி கேளுங்கள்.

மூன்றாவதாகப் பேராலயம். பதினேழாம் நூற்றாண்டில் சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் வங்கக்கடலில் புயலில் சிக்க, கரை சேர்ந்தால் சேரும் இடத்தில் ஆலயம் கட்டுவதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஒதுங்கியது வேளாங்கண்ணிக் கரையில். அன்று மரியன்னையின் பிறந்தநாளான செப்டம்பர் 8. ஓலைக் கூரை இருந்த இடத்தில் 24 அடிக்கு 12 அடி அளவில் கட்டடம் எழுப்பி, மறுபடி வந்தபோது சீனப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள் என்பது மரபு. விவிலியக் காட்சிகள் தீட்டப்பட்ட அத்தட்டுகளை இன்றும் பீடத்தில் காணலாம். புடவை உடுத்திய மாதாவைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினால் தெரியும். சொல்லாவிட்டால் எவரும் பார்ப்பதில்லை. செப்டம்பர் 8 ஏன் பெருவிழா நாள் என்ற கேள்விக்கும் இந்தக் கதையே விடை.

இதன் பின் யாராவது ஒரு பிள்ளை, இதெல்லாம் உண்மையில் நடந்ததா என்று நிச்சயம் கேட்கும். அதட்டாதீர்கள். மூன்று நிகழ்ச்சிகளும் வாய்வழி மரபாக வந்தவை, நூற்றாண்டைச் சொல்லலாமே தவிரத் துல்லியமான ஆண்டைக் கற்பித்துச் சொல்லக் கூடாது என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அதோடு ஆவணத்தில் உள்ளவற்றையும் சொல்லுங்கள்: நாகப்பட்டினத்தைச் சார்ந்திருந்த வேளாங்கண்ணி 1771இல் தனிப் பங்கானது, 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் ஆலயத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார், 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய கடிதம், பிற சமயத்தாரும் இங்கே வந்து ஆறுதல் பெறுவதைப் போற்றியது. நம்பிக்கையையும் வரலாற்றையும் இப்படித் தனித்தனியே வைத்துச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, பிற்காலத்தில் இரண்டில் எதையும் கைவிட நேராது.

காணிக்கை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கை, கால், கண் வடிவத் தகடுகள், சிறு வீடுகள், தொட்டில்கள், நன்றிக் கடிதங்கள் என ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. மோர் விற்ற சிறுவனின் கால் பற்றிய கதை எப்படி ஒரு வெள்ளிக் காலாக மாறி இங்கே வந்து சேர்ந்தது என்று காட்டினால், மரபு என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மொட்டை போடுவது, தொட்டில் கட்டுவது, காவி உடுத்துப் பாதயாத்திரை வருவது ஆகியவை டெல்டாவின் இந்துக் கோயில்களிலும் உள்ள வழக்கங்களே என்பதையும் குறிப்பிடுங்கள். சென்னை பெசன்ட் நகரிலும், கடல் கடந்து இந்தோனேசியாவின் மேடான் நகரிலும் இதே அன்னைக்கு ஆலயங்கள் எழுந்துள்ளன.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் நாகூரிலும் சிக்கலிலும் இறங்குங்கள். ஓட்டை விழுந்த கப்பலைத் தம் கைக்கண்ணாடியால் காத்தவர் என்று நாகூர் தர்காவின் இசுலாமிய ஞானியான நாகூர் ஆண்டவரைப் பற்றிச் சொல்கிறார்கள். சிக்கல் சிவன் கோயிலில் காமதேனுவின் பாலால் ஆனதாகச் சொல்லப்படும் பாற்குளமும் வெண்ணெய்நாதரும் இருக்கிறார்கள். கப்பலும் பாலும் இந்தக் கரையில் மூன்று சமயத்தாரின் நினைவிலும் இருப்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துவிடலாம். எது முந்தியது, எது எதிலிருந்து வந்தது என்ற வழக்காடலில் அவர்களை இறக்க வேண்டாம்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ இந்தக் கதையைக் கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டிக்குப் பாட்டி சிறு வேறுபாடுகள் இருக்கும், திருத்தாதீர்கள். சொன்னவர் எந்த ஊரில் பிறந்தவர், யாரிடம் கேட்டார், முதன்முதலில் எப்போது வேளாங்கண்ணிக்கு நடந்து போனார் என்பவற்றை மட்டும் பதிவோடு சேர்த்து எழுதிவைத்து, ஒரு படியைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.