வலப்பக்க இதயத்துக்கு எம்ஆர்ஐ: தாலியில் கோத்த ஊக்கை மறக்காதீர்கள்

நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் கூடினால் அந்தச் சுமையைத் தாங்குவது இதயத்தின் வலக் கீழறை. பிறைபோல் வளைந்த அந்த அறை, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவில் முழுதாகப் பிடிபடுவதில்லை. அதன் கொள்ளளவை நம்பகமாக அளந்து சொல்வது, வலுவான காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்ஆர்ஐ. ஆனால் கருவிக்குள் போகுமுன் தரப்படும் படிவத்தைப் பலரும் அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி கண்ணைப் பற்றியது. உலோகம் அரைக்கும் வேலை செய்ததுண்டா என்று கேட்டால், இன்று அலுவலகத்தில் இருப்பவர் 'இல்லை' என்று குறித்துவிடுவார். இளவயதில் கப்பல் பட்டறையில் கிரைண்டர் பிடித்தது நினைவுக்கே வராது. கண்ணில் தங்கிய இரும்புத் துகள் வலியின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். காந்தம் அதை அசைத்தால் பார்வையே பறிபோகலாம். உண்மையைச் சொன்னால் பரிசோதனை ரத்தாகிவிடும் என்ற பயம் வேண்டாம். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று தாலியைக் கழற்ற மறுப்பவர்கள் உண்டு. தங்கம் ஒட்டாதுதான், அதில் கோத்திருக்கும் ஊக்கு ஒட்டுமே! நெஞ்சின்மேல் கிடக்கும் சங்கிலி படத்தையும் கெடுக்கும். முந்தைய நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டால் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. தாயத்தும் அப்படியே.

மூச்சை நிறுத்தச் சொன்னதும் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிப்பது இன்னொரு தவறு. பல மையங்களில் மூச்சை வெளியே விட்ட பிறகுதான் நிறுத்தச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் இதயம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால்தான் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தும், அளவும் சரியாக வரும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்காமல், முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். குறைந்த நேரத்தில் படம் எடுக்கும் முறைகளும் இருக்கின்றன.

சிறுநீரகக் கோளாறு இருந்தால், படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசிக்கு முன்பே தெரிவியுங்கள். நுரையீரல் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எப்போப்ரோஸ்டினால் மருந்தை இடைவிடாமல் செலுத்தும் பம்பு வைத்திருப்பவர்கள் அதைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று நினைக்கவே கூடாது. அந்த மருந்தின் பலன் சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். பம்பை வெளியே வைத்து நீண்ட குழாயால் இணைப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு தேவை.

எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது, இனி ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் கதீட்டர் பரிசோதனை எதற்கு என்ற கேள்வியும் எழும். நோயை உறுதிசெய்யும் அழுத்த அளவு கதீட்டரில்தான் கிடைக்கிறது: 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, நுரையீரல் தமனியில் சராசரி 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல். பழைய ரத்தக்கட்டிதான் காரணமா என்று தேட, நுரையீரலில் காற்றோட்டத்தையும் ரத்தவோட்டத்தையும் ஒப்பிடும் ஸ்கேனும் கேட்பார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், அத்தகைய கட்டிகள் சிலருக்கு அறுவை சிகிச்சையில் நீக்கக்கூடியவை.