மூன்றாம் தலைமுறை என்றால் உசத்தி என்று நினைக்காதீர்கள்

தொடையில் ஒருவருக்குச் சீழ்க்கட்டி. மெடிக்கல் ஷாப்புக்கு வந்து, போன மாதம் காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையை நீட்டி, "இதையே அஞ்சு நாளைக்குக் கொடுங்க, இதுதான் பவர் ஜாஸ்தி" என்கிறார். அட்டையில் இருப்பது செஃபிக்சிம் 200.

செஃபிக்சிம் இருக்கும் செபலோஸ்போரின் (தலைமுறை தலைமுறையாகப் பிரித்துச் சொல்லும் ஒரு ஆன்டிபயாடிக் குடும்பம்) விஷயத்தில் அடிக்கடி பார்க்கிற தவறு இது. தோலில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி. செஃபிக்சிம் மூன்றாம் தலைமுறைதான், ஆனால் இந்தக் கிருமியிடம் அதன் பாச்சா பலிக்காது. முதல் தலைமுறை செஃபலெக்சினோ செஃபட்ராக்சிலோ இங்கே அதைவிட நன்றாக வேலை செய்யும். அதுவும் கட்டி பழுத்திருந்தால் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம், மாத்திரை அப்புறம்.

தலைமுறை எண் ஏற ஏற பொதுவாக கிராம் நெகடிவ் கிருமிகளின் (டைபாய்டு கிருமி போன்றவை அடங்கிய ஒரு பெரிய பிரிவு) பக்கம் வீச்சு கூடும். அதனால்தான் டைபாய்டுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் செஃப்ட்ரியாக்சோன் போடுகிறார்கள், ஆபரேஷனுக்கு முன்னால் தோல் கிருமிகளுக்காக இன்றும் பழைய செஃபசோலினைத்தான் (கீறுவதற்கு முந்தைய 1 மணி நேரத்துக்குள்) தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல: சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு செஃப்டாசிடிம் கேட்கும், செஃப்ட்ரியாக்சோன் கேட்காது. எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ்) என்றால் முதல் நான்கு தலைமுறையில் எதுவும் உதவாது, ஐந்தாவதில் வரும் செஃப்டரோலின் போன்றவைதான்.

டைபாய்டில் இன்னொரு அவசரம். ஊசி போட்டு இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லையே என்று வேறு டாக்டர், வேறு மருந்து என்று ஓடுகிறார்கள். மருந்து சரியாக வேலை செய்தாலும் காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் வரை ஆகலாம். ஆள் மோசமாகிறாரா என்று டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்களாக மாற்றாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பயம் தருவது பச்சிளம் குழந்தைகள் விஷயம். செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் படிகமாக உறைந்துவிடும். இப்படி நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கால்சியம் ஏறும், அல்லது ஏறப்போகும் 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசியே கூடாது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கும் அப்படித்தான். பெரியவர்களுக்கும் ரிங்கர் லாக்டேட் டிரிப் ஏறும் அதே லைனில் கூடவே விடக் கூடாது, அதில் கால்சியம் இருக்கிறது.

அலர்ஜியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் 10 சதவீதம் பேருக்கு செபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கணக்கு, இப்போது 2 சதவீதம் அளவில்தான் சொல்கிறார்கள். ஆனால் செஃபலெக்சினின் பக்கச் சங்கிலி (மூலக்கூறில் ஒட்டியிருக்கும் ஒரு பகுதி) பென்சிலின் வகையான ஆம்பிசிலினுடையதைப் போலவே இருப்பதால் அங்கே கவனம் வேண்டும். செஃபசோலினுடையது தனி ரகம். அதனால் டாக்டரிடம் "அலர்ஜி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த மாத்திரை, எத்தனை நேரத்தில், தடிப்பா, மூச்சுத்திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா என்று சொல்லுங்கள்.