ஆய்வு முடிவுகள் உரியவரைச் சென்றடைய என்ன செய்யலாம்?

ஓர் ஆய்வு சமூகத்துக்குப் பயன்பட வேண்டுமானால், அதற்கான வேலையை ஆய்வுக் கேள்வியை முடிவு செய்யும்போதே தொடங்கிவிட வேண்டும். முடிவுகளை நாளை கையாளப் போகிறவர் செவிலியரா, விவசாயியா, பள்ளி ஆசிரியரா என்று தெளிவுபடுத்திக்கொண்டு, அவர்களுள் சிலரையாவது சந்தித்து, விடை தெரியாமல் அவர்கள் தடுமாறும் இடம் எது என்று கேளுங்கள். பிரிட்டனில் 2004-இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி, நோயாளிகளையும் பராமரிப்போரையும் மருத்துவர்களையும் ஒன்றாக அமர்த்தி, முதலில் ஆராய வேண்டிய கேள்விகளை அவர்களையே வரிசைப்படுத்தச் செய்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லோருக்கும் கைகூடாது. ஆனால் ஆய்வுத் திட்டத்தை இறுதி செய்யும் முன் சிலரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது எந்த முனைவர் பட்ட மாணவருக்கும் இயலும்.

கட்டுரை ஏற்கப்பட்டதும், இதழுக்குச் சந்தா கட்டாதவர்களும் அதைப் படிக்க வழி செய்யுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழில் வெளியிடுவதற்கான கட்டணத்தைச் செலுத்த இயலாவிட்டாலும், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட கைப்பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இடுவதற்குப் பல பதிப்பகங்கள் இசைகின்றன. சில உடனேயும், சில குறிப்பிட்ட மாதங்கள் கழித்தும் அனுமதிக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இந்த விதியைப் படித்துவிடுங்கள். தரவுகளையும், பங்கேற்றவர்களின் அடையாளத்தை நீக்கிய பிறகு, ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் சேர்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் கோருவது, பொதுமக்களுக்கான எளிய சுருக்கம். ஒரு பக்கத்துக்கு மிகாமல், முடிவை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். எண்களைச் சொல்லும் விதத்தில்தான் பெரும் தீங்கு நேர்கிறது. பழைய கருத்தடை மாத்திரைகளைவிடப் புதியவை இரத்தக் கட்டு ஏற்படும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று 1995 அக்டோபரில் பிரிட்டனில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது இருவருக்கு நேரக்கூடும் என்பதே அதன் பொருள். இந்த அளவு புரியும்படி சொல்லப்படாததால் பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையையே நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாக நிகழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே ‘இரு மடங்கு’, ‘பாதியாகக் குறைந்தது’ என்று எழுதுவதோடு நிறுத்திவிடாமல், முன்பு இத்தனை பேரில் எத்தனை பேர், இப்போது அதே இத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். யாரிடம் ஆய்வு நடந்தது, யாருக்கு அதன் முடிவு பொருந்தாமல் போகலாம் என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

எழுதி முடித்ததும், துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவருக்கு என்ன புரிந்தது என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் முடிவிலிருந்து விலகியிருந்தால், திருத்தப்பட வேண்டியது சுருக்கமே. திருத்திய சுருக்கத்தைச் செய்தியாளர்களுக்கு அனுப்பும் முன், ஆய்வுக்காகத் தங்கள் நேரத்தையும் தகவல்களையும் தந்தவர்களுக்கு, அவர்கள் அன்றாடம் பேசும் மொழியில் கொண்டு சேர்த்துவிடுங்கள்.