லேப் அலமாரியில் எச் 360 தேடுவது எப்படி

கல்லூரி வேதியியல் லேபில் 19 வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். போன ஜூனில் ஒரு மேடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, எனக்கு மூணு மாசம். எந்தெந்த பாட்டிலை விட்டுத் தள்ளி இருக்கணும்?" பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் லேபிள்களை ஒழுங்காகப் படித்தேன்.

கம்பெனி பாட்டிலை எடுங்கள். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு ஆள், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல. பசங்க இதை 'ஹார்ட் அட்டாக் படம்' என்பார்கள். புற்றுநோய்க்கும் இதே படம்தான். அதனால் பக்கத்தில் உள்ள எச் எண்ணைப் பாருங்கள்; என்ன மாதிரி ஆபத்து என்று சொல்லும் குறியீடு அது. 360 என்றால் கருத்தரிக்கும் திறனையோ கருவையோ பாதிக்கலாம். 361 என்றால் அப்படி ஒரு சந்தேகம். கூடவே எஃப் இருந்தால் கருத்தரிப்பு, டி இருந்தால் கரு. 362 தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு; அதற்கென்று தனிப் படமே கிடையாது.

எங்கள் அலமாரியில் சிக்கியவை: லெட் அசிடேட், கோபால்ட் குளோரைடு, பொட்டாசியம் டைகுரோமேட், டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான்). அப்புறம், கேரம் போர்டில் தூவுவோமே, அந்த போரிக் பவுடரும்! தொட்டாலே ஆபத்து என்றில்லை; எவ்வளவு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதுதான் விஷயம். டிஎம்எஃப் தோல் வழியாகவே போய்விடும். மெல்லிய நைட்ரைல் கையுறையை நம்பாதீர்கள், பியூட்டைல் ரப்பர் வேண்டும்.

பெண்களுக்கு மட்டும்தானே என்று ஒதுங்க வேண்டாம். 1977-ல் கலிஃபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லி தயாரித்த ஆலையில் விந்தணு குறைந்துபோனது ஆண்களுக்குத்தான்.

பழைய பாட்டிலில் 'பாய்சன்' என்று மட்டும் இருந்தால், கம்பெனி இணையதளத்தில் அதன் எம்எஸ்டிஎஸ்ஸை (பாதுகாப்புத் தகவல் தாள்) இறக்கி 2-ஆம் பிரிவைப் பாருங்கள்.

நான் கோட்டை விட்டது ரீஏஜென்ட் பாட்டிலில். கம்பெனி லேபிளில் எல்லாம் இருந்தது. நான் ஊற்றி வைத்த சின்ன பாட்டிலில் ஃபார்முலாவும் நார்மாலிட்டியும் (கரைசலின் செறிவு) மட்டும். தண்ணீர் கலந்தாயிற்றே, அப்புறம் என்ன என்ற நினைப்பு. கணக்குப் போட்டேன். 0.1 நார்மல் டைகுரோமேட்டில் லிட்டருக்கு 4.9 கிராம், கிட்டத்தட்ட 0.49 சதவீதம். கலவையில் 0.3 சதவீதம் இருந்தாலே 360 எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

இப்போது பெயர், செறிவு, எச் எண், ஊற்றிய தேதி நான்கையும் மார்க்கரில் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப். டேப் ஒட்டாவிட்டால் வாஷ் பாட்டில் சொட்டி இரண்டே வாரத்தில் எழுத்து போய்விடும். எத்தனாலும் அழித்துவிடும்.