சேஸுக்குப் பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா? நானும் மற்றவர்களும் சறுக்கிய இடங்கள்

பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்றை வாங்கி, பாடியைத் தூக்கி வைத்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸை மட்டும் தனியாகப் பிரித்து, பவுடர் கோட்டிங் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கருகருவென்று, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி இருந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்து ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்தபோது பின்பக்க ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஹேங்கருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினேன், பொக்கென்று சத்தம். முனையை உள்ளே விட்டு நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டிங் அப்பளம் மாதிரி பெயர்ந்து கையோடு வந்தது. அடியில் பழுப்புத் தண்ணீர், அதற்கும் அடியில் செதில் செதிலாகத் துரு. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி புத்தம் புதுசு.

அன்றைக்குக் கோட்டிங் போட்டவரைத்தான் திட்டினேன். ஆற அமர யோசித்தபோது, அவரிடம் கேட்க வேண்டிய எதையுமே நான் கேட்கவில்லை என்பது புரிந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பெயிண்டைவிட இது ஸ்ட்ராங்தானே அண்ணே?" "ஆமா தம்பி, கல்லால அடிச்சாலும் போகாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

பவுடர் கோட்டிங் என்பது தின்னர் கலக்காத உலர்ந்த பொடி. ஸ்பிரே கன் வழியாக வரும்போது அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறார்கள், எர்த் செய்த இரும்பில் அது போய் ஒட்டிக்கொள்கிறது, பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும்போது உருகி, ஒரே தோலாக இறுகிவிடுகிறது. ஒரே தடவையில் 60 முதல் 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) வரை கனம் கிடைக்கும். ஸ்பேனர் விழுந்தாலும் செருப்பு உரசினாலும் சாதாரண பெயிண்டைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் காட்டுப்பாதை வண்டியின் சேஸில் விழுவது ஸ்பேனர் இல்லை, பாறை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப் ஒன்றுக்கு அடியில் குனிந்து பாருங்கள், கல் உரசிய தழும்பு இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி பாறைமேல் உட்கார்ந்து இழுபடும்போது எந்தக் கோட்டிங்கும் நிற்காது. அதனால் உடையுமா என்று கேட்பது வீண், உடைந்த பிறகு என்ன ஆகும் என்றுதான் கேட்க வேண்டும்.

அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பவுடர் தோலாக இருப்பதால், பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் உடைந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, தோலுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து பரவும். மேலே பளபளப்பு போகாது, அதனால் நமக்கும் தெரியாது. அந்த ஒரு இடத்தை மட்டும் பவுடரால் ஒட்டுப்போடவும் முடியாது, எப்படியும் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும், அதுவும் சுற்றியுள்ள பவுடரை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் ஒட்டும். பெயிண்ட் அடித்த சேஸில் கல் பட்டால் அந்த இடம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர் பிரஷ், இரும்பில் இறுகப் பிடிக்கும் அடிப்பூச்சான எப்பாக்ஸி பிரைமர் கொஞ்சம், மேலே கறுப்பு, வேலை முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, பெயிண்ட்தான் சரி என்று உடனே முடிவெடுத்தால் அதுவும் அவசரம்தான். இரண்டில் எதைப் போட்டாலும் அடியில் இருக்கும் இரும்பு சுத்தமில்லை என்றால் பணம் தண்டம். என் சேஸில் நடந்தது இதுதான்: கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேய்த்து, தின்னரால் துடைத்து, நேராகப் பொடி அடித்திருக்கிறார்கள். வயர் கப் துருவைப் பளபளப்பாக்குமே தவிர குழிக்குள் இருப்பதை எடுக்காது. பழைய சேஸுக்கு பிளாஸ்டிங்தான் வழி, அதாவது ஸ்டீல் கிரிட், கார்னெட் மாதிரி கடினமான துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடிப்பது, இரும்பு ஒரே சீரான வெளிர் சாம்பல் நிறத்துக்கு வரும்வரை. கையால் தடவினால் நைசான உப்புத்தாள் மாதிரி இருக்க வேண்டும், அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் கோட்டிங் நிற்கிறது. (ஆற்று மணலை வைத்து பிளாஸ்ட் செய்யும் பட்டறை இன்னமும் இருந்தால் அங்கே போகாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலை அரிக்கும், சிலிகோசிஸ் வந்தால் திரும்ப வழியே கிடையாது.) பிளாஸ்ட் செய்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. சென்னை, தூத்துக்குடி காற்றில் ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் முதல் கோட் ஏறியாக வேண்டும். பிளாஸ்டிங் ஒரு ஊரில், கோட்டிங் இன்னொரு ஊரில், நடுவே டெம்போவில் தூறலோடு ஒரு பயணம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எங்களிடம் ஏழு டேங்க் இருக்கிறது" என்று பவுடர் கோட்டிங் கடைக்காரர்கள் சொல்வார்கள். எண்ணெய் எடுப்பது, துரு எடுப்பது, பாஸ்பேட் ஏற்றுவது, நடுவே அலசுவது என்று வரிசையாகத் தொட்டிகள், நல்ல விஷயம்தான். ஆனால் தொட்டியின் நீளத்தைக் கேளுங்கள். கேட், கிரில், ஆபீஸ் நாற்காலிக்காகக் கட்டிய தொட்டியிலும் ஓவனிலும் பன்னிரண்டு அடி சேஸ் இறங்காது. பாதியை உள்ளே விட்டுச் சுட்டு, திருப்பிப் போட்டு மறுபாதியைச் சுடுகிறோம் என்று யாராவது சொன்னால் சேஸை அதே டெம்போவில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓவனில் இன்னொரு சங்கதி. மீட்டரில் 200 டிகிரி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. இரும்பு அந்தச் சூட்டை எட்ட நேரம் பிடிக்கும், அதுவும் தகடுமேல் தகடு வைத்து வெல்டிங் செய்த ஸ்டியரிங் பாக்ஸ் பக்கமும் ஹேங்கர் பக்கமும் கடைசியாகத்தான் சூடேறும். 10, 15 நிமிடம் என்று பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு, இரும்பு சூடான பிறகு தொடங்குகிற கணக்கு. ஜன்னல் கிரில்லுக்குப் பழகிய கை சேஸையும் அதே நேரத்தில் வெளியே எடுத்துவிட்டால் மெல்லிய பிராக்கெட் நன்றாக வெந்திருக்கும், கனமான இடம் அரைவேக்காடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கனமான இடத்தில், கண்ணில் படாத ஒரு மூலையில், தின்னர் தோய்த்த துணியால் அழுத்திப் பலமுறை தேயுங்கள். லேசாக மங்கினால் பரவாயில்லை, துணியில் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தால் வேகவில்லை.

எண்ணெய் குடித்த சேஸ் என்றால் இன்னும் தலைவலி. முப்பது வருடம் கியர்பாக்ஸ் ஆயில் சொட்டிய இரும்பு, போதாததற்குத் துருப்பிடிக்காமல் இருக்க வேஸ்ட் ஆயில் அடிக்கும் நம் ஊர் வழக்கம். குறுக்குச் சட்டங்களை ரிவிட் அடித்துச் சேர்த்த சேஸ்களில், இரண்டு தகடுக்கு நடுவே புகுந்த எண்ணெய் எந்தத் தின்னருக்கும் வெளியே வராது, ஓவனில் வரும். உருகிக்கொண்டிருக்கும் பவுடர் நடுவே அது கசிந்தால் அந்த இடமெல்லாம் ஊசிக்குழி, பள்ளம். அதனால் பொடி அடிக்கும் முன்பே வெறும் சேஸை ஒருமுறை ஓவனில் காயவைத்து, கசிவதைக் கசியவிட்டு, மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். பழைய பட்டி, ரெட் ஆக்சைடு, ரப்பர் புஷ் எதுவும் மேலே இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் ஷாக் அப்சார்பரோடு கொண்டுபோனார். உள்ளே எண்ணெயும் வாயுவும் இருக்கிற சாமானை ஓவனில் வைத்தால் வெடிக்கும்.

சரி, வெளிப்பக்கம் எல்லாம் பிரமாதமாக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். சேஸைக் கொல்வது பெரும்பாலும் உள்பக்கம். பெட்டி மாதிரி மூடிய சேஸின் உள்ளே பவுடர் போகாது, கன்னை ஓட்டையில் வைத்து ஊதினாலும் போகாது. மின்னேற்றம் பெற்ற பொடி பக்கத்தில் இருக்கும் விளிம்பில் முதலில் ஒட்டிக்கொள்ளும், உள் மூலைக்குப் போய்ச் சேராது. பெட்டிக்குள் மட்டுமில்லை, இரண்டு தகடு சந்திக்கும் ஆழமான மூலையிலும் இதே கதைதான். டொயோட்டா மாதிரி கம்பெனிக்கே இந்தச் சேஸ் துரு பெரிய அடி கொடுத்தது: அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸ் அரித்து ஓட்டை விழுந்து, 2016-ல் வழக்கு சமரசத்துக்கு வந்தபோது சுமார் 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை செலவு என்று கணக்குப் போட்டார்கள். அங்கே பனிக்குச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், நமக்கு அது இல்லை. ஆனால் கடல் இருக்கிறதே. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் முன்பு தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டிகள் உப்புத்தண்ணீர் தேங்கிய மணலில்தான் ஓடின. அப்படி ஓடிய வண்டியின் சேஸுக்குள் ஈர மணல் ஒருமுறை புகுந்துவிட்டால் அது காயவே காயாது.

இதற்கு மருந்து கோட்டிங் கடையில் இல்லை. வடிகால் ஓட்டைகளைக் குத்தித் திறந்து, பிளாஸ்ட் செய்த பொடியைக் காற்றடித்து வெளியேற்றி, நன்றாகக் காயவைத்து, நீளக் குழாய் நாசில் வைத்து கேவிட்டி வாக்ஸ், அதாவது உள்பக்கத்தில் படிந்து ஈரத்தைத் தடுக்கும் மெழுகு, அடிக்க வேண்டும். வாக்ஸ் எப்போதும் கடைசி. பவுடருக்கு முன்னால் அடித்தால் ஓவனில் உருகி வெளியே ஓடிவரும்.

பொடியிலும் வகை இருக்கிறது, கேட்காவிட்டால் முந்தைய ஆர்டரில் மீந்த கறுப்புதான் உங்கள் சேஸுக்கு. சுத்த எப்பாக்ஸி துருவை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். பாலியெஸ்டர் வெயில் தாங்கும். இரண்டும் கலந்தது வீட்டுக்குள் இருக்கும் மேசை நாற்காலிக்கு. சேஸுக்கு எப்பாக்ஸி பிரைமர் பவுடர், துத்தநாகம் சேர்த்தது கிடைத்தால் இன்னும் நல்லது, அதன்மேல் பாலியெஸ்டர் என்று இரண்டு கோட் கேளுங்கள். ஒரே கோட்டில் முடித்துக்கொடுப்பவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

மறைக்க மறந்த இடங்கள் வண்டியை மாட்டும் நாளில்தான் பழிவாங்கும். என் ஜீப்பை மறுபடி பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரியை மாற்றிப் பார்த்தோம், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம், மெக்கானிக்கும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பவுடர். அது கரண்டைக் கடத்தாது. கிரைண்டரால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிவிட்டதும் ஸ்டார்ட் ஆனது. அதேபோல மரை உள்ள ஓட்டைகள், பாடி மவுண்ட், போல்ட் தலை உட்காரும் முகம் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பும் சிலிக்கான் அடைப்பானும் வைத்து மறைக்கச் சொல்லுங்கள். போல்டுக்கு அடியில் கனமான பவுடர் இருந்தால் போகப் போக அமுங்கும், முறுக்கு தளரும். ஸ்டியரிங் பாக்ஸ் போல்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேஸ் நம்பர் உள்ள இடத்தையும் மறைக்க வேண்டும் என்று தனி வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய வண்டிகளில் ஏற்கெனவே தேய்ந்த எழுத்து, பிளாஸ்டிங்கில் இன்னும் கரையும், மேலே 100 மைக்ரான் ஏறினால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கும்போது அந்த நம்பரைத்தான் முதலில் தேடுவார்கள்.

வெல்டிங் பாக்கி வைத்துக்கொண்டு பவுடருக்குப் போவதும் எல்லாரும் செய்கிற தப்புதான். வின்ச் பிளேட், ஷாக் மவுண்ட், பக்கவாட்டு ஸ்லைடர் எல்லாவற்றையும் மாட்டி, டயர் முட்டுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மறுபடி பிரித்து, அப்புறம்தான் கோட்டிங். கல்லூரி மாணவர்கள் பாஜா என்ற காட்டுப்பாதைப் பந்தயத்துக்குச் செய்யும் சின்னத் திறந்த வண்டி (பக்கி) மாதிரிக் குழாய் ஃபிரேம் என்றால் நான் பவுடரே வேண்டாம் என்பேன். வெல்டிங் ஓரத்தில் விடும் மயிரிழை விரிசலைக் கனமான தோல் மூடி மறைத்துவிடும், மெல்லிய வெளிர் நிறப் பெயிண்டில் அது கோடாகத் தெரியும்.

பெயிண்ட் பக்கம் போகிறவர்களுக்கும் குழிகள் இருக்கின்றன. ரெட் ஆக்சைடு மேல் எனாமல் என்பது வீட்டு இரும்பு கேட்டுக்குப் போதும், சேஸுக்குப் போதாது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மாதக்கணக்கில் வெயில் மழையில் போட்டுவைத்தால் அது ஈரத்தை உள்ளே விடும். இரண்டு கோட் எப்பாக்ஸி பிரைமர், மேலே ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் என்று போங்கள். ஹார்டனரைக் கண் அளவில் ஊற்றும் பெயிண்டர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அளவுக் கப்பை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள். பிரைமருக்கும் மேல் கோட்டுக்கும் இடையே இத்தனை மணி நேரம் என்று டப்பாவில் இருக்கும், அது தாண்டிவிட்டால் உப்புத்தாள் போடாமல் அடிக்கக் கூடாது. பியூ ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, மூக்கில் கட்டிய கைக்குட்டை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. துருமேல் தார் மாதிரி அண்டர்கோட் அடித்து மூடுவதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால்: முழுச் சேஸுக்கு பிளாஸ்டிங், எப்பாக்ஸி, பியூ, உள்ளே வாக்ஸ். பம்பர், ரூஃப் கேரியர், ஸ்டெப்னி மவுண்ட், இரும்பு ரிம் மாதிரி கழற்றி எடுத்து ஓவனில் வைக்க முடிகிற, திரும்பச் செய்ய முடிகிற சாமானுக்குப் பவுடர். லீஃப் ஸ்பிரிங்குக்கு இரண்டுமே கனமாக வேண்டாம், பட்டைகள் உரசி உரிந்துவிடும். முழுச் சேஸும் இறங்கும் ஓவனும், நேர்மையான பிளாஸ்டிங்கும், இரண்டு கோட்டும் ஒரே கூரைக்கு அடியில் கிடைத்து, வண்டியும் பாறை ஏறாமல் பெரும்பாலும் ரோட்டில்தான் ஓடும் என்றால் சேஸுக்கும் பவுடர் போடுங்கள், தடுக்க மாட்டேன்.

என் சேஸ் இப்போது பெயிண்டில் ஓடுகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் கால் லிட்டர் கறுப்பு டப்பா, ஒரு இன்ச் பிரஷ், ஒரு துண்டு உப்புத்தாள். போன மாதம் வால்பாறை போய்வந்ததில் இடது பக்கம் இரண்டு இடத்தில் உரசியிருக்கிறது, இந்த ஞாயிறு மழை விட்டால் படுக்க வேண்டும்.