கனடாவில் மருந்தாளுநராக முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பி.பார்ம் என்னும் நான்காண்டு மருந்தியல் பட்டம் முடித்துவிட்டுக் கனடாவில் மருந்தாளுநராக விரும்புவோர் தேர்வுகளை நினைத்தே கலங்குகிறார்கள். ஆனால் பலருக்குக் காலம் வீணாவது தேர்வறைக்கு வெளியே, ஆவணங்களிலும் அவற்றை அனுப்பும் வரிசையிலும்தான்.

முதலில் மருந்தாளுநர் ஒழுங்குமுறை அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பான நாப்ராவின் கேட்வே இணையதளத்தில் பதிந்து தேசிய அடையாள எண் பெற வேண்டும். அதன்பின் பி.இ.பி.சி. எனப்படும் கனடா மருந்தாளுநர் தேர்வு வாரியத்தின் ஆவண மதிப்பீடு, மதிப்பீட்டுத் தேர்வு, இரு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வு என்று படிகள் தொடர்கின்றன. உரிமம் தருவதோ அந்தந்த மாகாண ஒழுங்குமுறை அமைப்பு. கியூபெக் இதில் தனிவழி, அங்கே பி.இ.பி.சி. சான்று தேவையில்லை, பிரெஞ்சு தேவை.

குடியேற்றத்துக்காக, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் வெஸ் நிறுவனத்திடம் பட்டத்தை மதிப்பிட்டு வாங்குவது பரவலான தவறு. மருந்தாளுநர் வேலையை முதன்மைத் தொழிலாகக் காட்டி எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் குடியேற்ற முறையில் விண்ணப்பிப்பவரிடம் குடியேற்றத் துறை எதிர்பார்ப்பது பி.இ.பி.சி.யின் அறிக்கை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்விலும் இதே குழப்பம் உண்டு: குடியேற்றத்துக்கு ஜெனரல் பிரிவு, உரிமத்துக்கு அகாடமிக் பிரிவு. ஒன்றை எழுதிவிட்டு மற்றதற்கும் அதுவே போதும் என்றிருந்தவர்கள் இரண்டாம் முறை கட்டணம் கட்ட நேரிடுகிறது.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘கு. செல்வி’ என்றிருக்கும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் அந்த இடத்துக்கு வந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பதற்கான சட்டபூர்வச் சான்றை ஊரில் இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. பல்கலைக்கழகமும், ஊரில் மருந்தாளுநர்களைப் பதிவு செய்யும் பார்மசி கவுன்சிலும் அனுப்ப வேண்டிய சான்றுகள் அவர்களிடமிருந்து நேரடியாக வாரியத்துக்குப் போக வேண்டும். உறையை நாமே வாங்கி அனுப்பினால் ஏற்கப்படாது. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விமானம் ஏறியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினரின் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 2003 முதல் பட்டம் பெற்றவர்களிடம் அங்கே ஐந்தாண்டுப் படிப்பு கேட்கப்படுவதால் நான்காண்டு பி.பார்ம் தேறாது. கனடாவில் அது தடையில்லை. ஆனால் இரண்டாண்டு டிப்ளமோவான டி.பார்ம் மட்டும் முடித்தவருக்கு இந்த வழி திறக்காது.

தேர்வுகளில் பலர் சறுக்குவது தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதியில். நோயாளியாக நடிப்பவர் முன்னால் நிற்க, மதிப்பிடுபவர் கவனித்துக்கொண்டிருக்க, கடிகாரம் ஓடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் முழங்கால் வலிக்கு ஐபுபுரொஃபென் கேட்டு வருகிறார் என்று கொள்வோம்; இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து. நன்றாகப் படித்த நம் மாணவர் மருந்துகள் செயல்படும் விதத்தைக் கடகடவென்று விளக்கத் தொடங்கிவிடுவார். வேறென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள், வலி எப்போதிலிருந்து, இரத்தக்கசிவு ஏதும் உண்டா என்று கேட்கமாட்டார். கேட்காதவருக்கு வார்ஃபரின் விஷயமே தெரியவராது. மனப்பாடம் இங்கே உதவாது. இன்னொருவரை நோயாளியாக உட்காரவைத்துப் பேசிப் பழகுவதே உதவும். கல்லாவில் மருந்து எடுத்துக் கொடுத்த அனுபவமும் போதாது. ஏனென்றால் இங்கே மருந்தாளுநரின் வேலை அதைவிடப் பெரிது: ஒண்டாரியோ மாகாணத்தில் 2023 முதல் சில சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதித் தருகிறார்.

படிக்கும் காலத்தில் மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் பதிவு பெறும் முன் ‘ஃபார்மசிஸ்ட்’ என்று அட்டையிலோ லிங்க்டுஇன்னிலோ போட்டுக்கொள்ளக் கூடாது. ஒண்டாரியோவில் அது சட்டத்தால் காக்கப்பட்ட தொழிற்பெயர். ‘ஃபார்மசி டெக்னீஷியன்’ என்பதும் அப்படியே.