குரூப் எடுக்கும் முன் கவுன்சலிங் விண்ணப்பத்தைப் பாருங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பிளஸ் டூ முடித்தவர்கள் கவுன்சலிங் விண்ணப்பம் போட வருவார்கள். பத்தாவது முடித்தவர்கள், "அக்கா, எந்த குரூப் எடுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பின்னவர்கள் முன்னவர்களின் விண்ணப்பத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிள்ளைக்கு ஆசையுள்ள இரண்டு மூன்று படிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். குரூப் பெயர் அப்புறம்.

பொறியியல் கவுன்சலிங்கில் கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேர்ந்து 200க்குக் கட்ஆஃப் வரும். கணிதம் 80, இயற்பியல் 70, வேதியியல் 74 என்றால் 80 + 35 + 37, ஆக 152. ஒரு அப்பா என் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல 98 வாங்கியிருக்குதுங்களே, அதச் சேர்க்கலீங்களா?" என்றார். "அது இதுல வராதுங்கண்ணா" என்றேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கட்டாயமில்லை. பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். அந்த நாலாவது பாடத்துக்காக வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி வீண்.

நீட் எழுதுவது உறுதி என்றால் உயிரியல் வேண்டும். பயோ-மேத்ஸ் எடுத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கும், ஆனால் சுமை அதிகம். தாவரவியல், விலங்கியல் கொண்ட பியூர் சயின்ஸில் கணிதம் கிடையாது. பிறகு பொறியியல் பக்கம் மனசு போனால் என்னிடம் வந்து பிரயோஜனமில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று பயோ-மேத்ஸில் தள்ளுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. நீட் எண்ணமே இல்லாத பிள்ளைக்கு அந்த உயிரியல் புத்தகம் எதற்கு?

காமர்ஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய் வரலாம். சிஏ முதல் கட்டத் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம் என்றாலும், அதில் கணக்கியல், பொருளாதாரத்தோடு கணிதமும் உண்டு. வணிகக் கணிதம் சேர்ந்த குரூப் கிடைத்தால் விடாதீர்கள். சட்டத்துக்கு எந்த குரூப்பும் சரி.

அடுத்து, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பாடநூல்கள் பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கின்றன; தெருவில் யாரிடமாவது பழையதும் இருக்கும். இயற்பியலில் 'இயக்கவியல்' பாடத்தை எடுத்து, ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கணக்குப்பதிவியலில் நாலு குறிப்பேட்டுப் பதிவுகள். சரியாக வருகிறதா என்பதைவிட, தப்பானால் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறதா, மூடிவைத்துவிட்டு எழுந்துபோகிறதா என்று கவனியுங்கள். பத்தாவதில் அறிவியல் மதிப்பெண் மனப்பாடத்திலும் வந்திருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பள்ளி விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. ஏற்காட்டுப் பிள்ளைகள் ஒரு குரூப்புக்காகக் கீழே இறங்குவதானால், 20 கொண்டை ஊசி வளைவு ரோட்டில் தினமும் போய்வர முடியுமா, விடுதி கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள். கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

அதைவிட முக்கியம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுவது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். நடுவில் மாறினால் அது போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயும் கைவிட்டுப் போகும். தனியார் பள்ளிக்குக் கட்டும் பணத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் டிசி வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சேர்த்த பிறகும் பிள்ளை முதல் மாதத்திலேயே "முடியலைம்மா" என்றால், "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்று காலாண்டுத் தேர்வுவரை இழுக்காதீர்கள். அந்த வாரமே தலைமையாசிரியரைப் பார்த்து, வேறு குரூப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காரணத்தை அதுவே சொல்லட்டும்.